அரியமுத்து அண்ணனின் நாற்பத்து மூன்று டிக்கெட்

எனக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயம் கிடையாது. செந்துறைப் பக்கத்து முந்திரிக்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால் 1981ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு பயம் வந்து பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குள் டிரைவரின் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கும். அதில் எங்கள் டிரைவரின் கண்கள் தெரியும். அவை திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பதே என் முதல் வேலையாகிவிட்டது. டிக்கெட் கிழிப்பதெல்லாம் அப்புறம்தான்.

டிரைவரின் பெயர் அரியமுத்து. ஊர் குரும்பலூர். நான் ராசாங்கம், கண்டக்டர். சாமிதுரை முதலாளியின் பஸ்ஸில் நாங்கள் ஒன்பது வருஷ ஜோடி. காலை ஆறரைக்குப் பெரம்பலூரில் எடுத்து, அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போய், திரும்பி மதியம் ஒரு மணிக்குப் பெரம்பலூர் வந்து, இருபது நிமிஷம் சாப்பாட்டுக்கு நிறுத்துவோம். மறுபடி எடுத்தால் ஆத்தூர். சாயங்காலம் திரும்பி வந்து பெரம்பலூரிலேயே வண்டியைப் போட்டுவிடுவோம்.

அண்ணனின் ஓட்டுதலைச் சும்மா சொல்லக்கூடாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கோழியைக்கூட அடித்தவரில்லை. பிள்ளைத்தாய்ச்சி யாராவது ஏறினால், நான் சொல்லாமலே தெரிந்துகொண்டு பள்ளம் மேடு பார்த்து ஓட்டுவார். ஆள்தான் பெரிய ஆள். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஸ்டியரிங் வயிற்றில் உரசி உரசி அந்த இடத்தில் காக்கிச் சட்டை நைந்து வெளுத்திருக்கும். பட்டறையில் சொல்லி டிரைவர் சீட்டை நான்கு விரற்கடை பின்னால் தள்ளி வெல்டிங் வைத்திருந்தோம். அவர் ஏறும்போது பஸ் அந்தப் பக்கமாக ஒரு சாய்வு சாயும். பிரயாணிகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நானும்தான் சிரித்தேன்.

அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு நிற்கும் பஸ்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்துகிறோமோ, அந்த ஓட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா. ஒரு பஸ் நின்றால் ஓட்டலுக்கு நாற்பது பேர் வருகிறார்கள் அல்லவா, அதற்கு மரியாதை. நாங்கள் நிறுத்தியது லப்பைக்குடிக்காட்டுக்காரர் காதர் பாட்சா பாயின் ஓட்டலில். வெளியே பிரயாணிகளுக்குக் குழம்பில் கறியைத் தேட வேண்டும். பின்கட்டில் திரை போட்ட அறையில் எங்களுக்குக் குழம்பைத்தான் தேட வேண்டும், அவ்வளவு கறி. எதிரே வேறொருவர் புதிதாக ஓட்டல் திறந்த பிறகு துண்டுகள் இன்னும் பெரிதாயின. பாய் கையாலேயே பரிமாறுவார். போதும் என்று இலையை மறைத்தால், "என்னண்ணே, நம்ம சாப்பாடு புடிக்கலியா" என்று முகம் வாடிப்போவார். மதியம் மட்டுமில்லை. காலை டிபனும் சாயங்காலப் பலகாரமும் அங்கேதான். அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் ஆத்தூரிலும் டீக்கடைக்காரர்கள் டிரைவரிடம் காசு கேட்பதில்லை.

அரியமுத்து அண்ணனின் அப்பா பண்ணையில் கூலிக்கு இருந்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சின்ன வயதில் அறுவடை நாளில் மட்டும் வயிறு நிறையும் என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். மற்ற நாளில் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எப்போது ஊற்றுவார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படி நின்றவருக்கு இன்று ஒரு முதலாளி தலைவாழை இலை போட்டு, பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுகிறார். அந்த இலையை அவரால் எப்படி மறைக்க முடியும்? எனக்கு இது புரிந்தது. புரிந்தாலும் நான் வாயைத் திறக்காததற்கு அது காரணமில்லை. பக்கத்து இலை என்னுடையது, அதுதான் காரணம்.

மாசி மாதத்தோடு அண்ணனின் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்க அரசாங்க டாக்டர் கையெழுத்துப் போட்ட உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம் என்று ஐப்பசியில் ஒரு ஓய்வு நாளில் டாக்டரம்மாவிடம் போனோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் முறைக்குக் காத்திருந்தோம். மணி காலை பதினொன்று. அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். குறட்டை சத்தத்தில் மருந்து வாங்க நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மாவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

உள்ளே எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணைச் சோதித்தார், கண் பளிச்சென்று இருந்தது. கடைசியில் கேட்டார்: "பகல்ல தூக்கம் வருதா? வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகுதா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா," என்றார் அண்ணன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கூட வேலை பார்ப்பவர் நீங்கள்தானே, நீங்கள் சொல்லுங்கள் என்றார். மதியம் சாப்பாட்டுக்கு மேல் வேப்பந்தட்டை தாண்டியதும் அவர் தலை ஆடுவதைக் கொஞ்ச நாளாகவே நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேச்சுக் கொடுப்பேன், விசிலை ஊதுவேன், வெற்றிலை மடித்துக் கொடுப்பேன். இதையெல்லாம் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் வேலை போய்விடும். ஜோடி மாறினால் புதிதாக வருபவர் எதிர் ஓட்டலில் நிறுத்துவாரோ என்னவோ. ஒரு நொடிக்குள் மனம் இவ்வளவு தூரம் ஓடிவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா நம்பவில்லை. மாசிக்குள் எடை நூறுக்கு இறங்கினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். ஐம்பது பேர் உயிரை வைத்து ஓட்டுகிறவருக்குத் தெரிந்தே பொய்ச் சான்றிதழ் தர முடியாது என்றார். தினமும் நடங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள் என்று சொல்லி, எதெதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அண்ணன் அதை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு அந்தத் தாளை நான் பார்க்கவே இல்லை.

"நடை நம்ம கையில இருக்கு. சாப்பாடு பாய் கையில இருக்கு," என்றார் வெளியே வந்து. "நடந்தே கரைச்சுடறேன், பாரு."

அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டார். குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஐந்து மைல். வழக்கமாக முதல் பஸ்ஸில் வருகிறவர், விடிவதற்கு முன்பே கிளம்பி நடந்தே வந்தார். சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும். ஒரு நாள் தவறவில்லை. மழையிலும் வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாய்க்கும் சந்தோஷம். நடந்து வந்த மனுஷனுக்குப் பசிக்குமே என்று நாலு இட்லியை ஆறாக்கினார், பொங்கலும் வடையும் வைத்தார். நடந்தாயிற்று, இனி எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்று அண்ணனும் நம்பினார், நானும் நம்பினேன்.

ஒரு மாதம் கழித்து வெங்காய மண்டித் தராசில் ஏறி நின்றார். நூற்றுப் பதினான்கு. மண்டிக்காரர் தராசில் ஏதோ கோளாறு என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

கார்த்திகையில் நல்ல மழை. வேப்பந்தட்டை தாண்டிப் போகிற வழியில் இடது கைப் பக்கமாக ஓர் ஏரி, ரோட்டை ஒட்டி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் பஸ்ஸில் என் மனைவி ஆண்டாயி இருந்தாள், ஆறு மாதப் பெண் குழந்தையோடு. கிருஷ்ணாபுரத்தில் அவள் அம்மா வீடு. முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து குழந்தைக்கு ஏரித் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்று ஒரு பாட்டிக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் இடது பக்கமாக நழுவுவது என் காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தேன். அண்ணனின் கண்கள் மூடியிருந்தன. அரைக்கண் இல்லை, நன்றாக மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிக்க நினைத்தேன், கால் வரவில்லை. ஜன்னலில் ரோட்டின் ஓரக்கல் போய், தண்ணீர் மட்டும் தெரிந்தது.

உதட்டில் விசில் இருந்தது. என்னை அறியாமல் ஊதினேன், ஒரே விசில், நீளமாக.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கால் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. ஆள் தூக்கத்தில்தான் இருந்தார், கால் மட்டும் பிரேக்கை மிதித்தது. பஸ் குலுங்கி நின்றது. முன்னால் வைத்திருந்த கூடைகள் உருண்டன. அண்ணன் விழித்துக்கொண்டு, "யாரு எறங்குறது?" என்று கேட்டார்.

யாரும் இறங்கவில்லை. ஏதோ ஆடு குறுக்கே வந்தது என்று பிரயாணிகளே பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன். கீழே இறங்கிப் போய் முன்சக்கரத்தைப் பார்த்தேன். தாரை விட்டு இறங்கி, ஈரமண்ணில் பாதி புதைந்து நின்றது. அதற்கு அப்பால் ஒரு முழம் புல், அப்புறம் தண்ணீர். புல்லிலேயே வாந்தி எடுத்தேன். பாய் ஓட்டல் கறிதான் வந்தது. ஜன்னல் வழியாக ஆண்டாயி, மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

அண்ணனும் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்னாலெடுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து ஆத்தூர் வரை ஓட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு பேரிடம் டிக்கெட் கேட்கவே மறந்துவிட்டேன்.

அடுத்த ஓய்வு நாளில் குரும்பலூர் போனேன். அண்ணன் சந்தைக்குப் போயிருந்த நேரம். அவர் மனைவி மலர்க்கொடி அண்ணி எனக்கு மோர் கொடுத்தார். ஏரிக்கரையைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் திணறுவதற்குள் அவரே அழ ஆரம்பித்துவிட்டார்.

"ராவுல தூங்குறப்ப மூச்சு நின்னு போவுது தம்பி. குறட்டை விட்டுக்கிட்டே இருக்கறவரு பொசுக்குனு அடங்கிடுறாரு. நான் எண்ணிக்கிட்டே குந்தியிருப்பேன். இருபது, முப்பது... அப்புறம் திணறிக்கிட்டு மூச்சு வரும். என்னிக்கு வராமப் போவுமோன்னு நான் கண்ணை மூடறதே இல்லை."

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அண்ணன் வீட்டில் ஒரு கம்பு உருண்டையும் மோரும்தான் சாப்பிடுகிறாராம். சோறு வைத்தால் தள்ளிவிடுகிறாராம். சாப்பிடாமலே உடம்பு இப்படி ஊதுகிறதே, இது ஏதோ வியாதிதான் என்று அண்ணி கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார். நடந்து போகிற மனுஷனுக்குத் தெம்பு வேண்டுமே என்று வெல்லம் போட்டு நிலக்கடலை உருண்டை பிடித்துப் பையில் வேறு போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். பாய்க்குத் தெரிந்தது ஓட்டலில் சாப்பிட்டது மட்டும். டீக்கடைக்காரர்களுக்கு அவரவர் கடை போண்டா மட்டும். அண்ணிக்குக் கம்பு உருண்டை மட்டும். அண்ணனுக்கோ, காசு கொடுக்காமல் வாயில் போட்டது எதுவும் சாப்பிட்ட நினைப்பிலேயே இல்லை. காலை முதல் இருட்டுகிற வரை எல்லாவற்றையும் பார்க்கிற ஒரே ஆள் நான். பார்த்துக்கொண்டு பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். பிரயாணிகள் இறங்கும்போது கீழே போட்டுவிட்டுப் போகிற பழைய டிக்கெட்டுகள் பஸ் முழுக்கக் கிடக்கும். அண்ணன் ஒன்றை வாயில் போடும்போதெல்லாம் அதில் ஒன்றை எடுத்து என் பையின் சின்ன அறையில் போட்டேன். ஓர் இட்லிக்கு ஒரு டிக்கெட். ஒரு வடைக்கு ஒன்று. சர்க்கரை போட்ட டீக்கு ஒன்று. கடலை உருண்டைக்கு ஒன்று. மதியம் சோற்றுக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்று, கறிக்கு, ஆம்லெட்டுக்கு, மீனுக்குத் தனித்தனியாக. ஆத்தூரில் புரோட்டாவுக்கு நாலு. என் கணக்கும் தனியாகப் போட்டிருக்க வேண்டியதுதான். அது எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வண்டியைப் போட்டதும், பிரயாணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு, எஞ்சின் மூடிமேல் அத்தனையையும் கொட்டினேன்.

"என்னடா இது?"

"இன்னிக்கு நீங்க சாப்பிட்டதுண்ணே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிக்கெட்டு. எண்ணிப் பாருங்க."

எண்ணினார். நாற்பத்து மூன்று. நம்பாமல் மறுபடி எண்ணினார். இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நானும் சொன்னேன். கோபம் வந்தது அவருக்கு. மனுஷன் சாப்பிடுவதை எண்ணுகிறவன் உருப்படுவானா என்று கேட்டார். ஏரிக்கரையில் என் பெண்டாட்டி பிள்ளை உட்கார்ந்திருந்த சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் அந்த சீட்டைப் பார்த்தார். பிறகு எஞ்சின் மூடியைப் பார்த்தார்.

"பஸ்ஸே நெறைஞ்சு போச்சேடா," என்றார் மெதுவாக. "இத்தனை பேரை ஏத்திக்கிட்டா நான் அஞ்சு மைலு நடந்தேன்?"

எனக்குப் பயமாக இருக்கிறது ராசாங்கம் என்றார். அன்று தூங்கியது தனக்குத் தெரியும் என்றும், அதற்கு முன்பும் இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது என்றும், ஸ்டியரிங்கில் கை வைக்கும்போதெல்லாம் அந்த ஏரிதான் கண்ணில் நிற்கிறது என்றும் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. டிக்கெட்டுகளைக் கட்டாகக் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து போனார்.

அன்றிலிருந்து அண்ணி கட்டிக் கொடுத்த தூக்குவாளிதான். கம்பங்களி, முருங்கைக்கீரை, தண்ணீர் மோர், அவித்த கொண்டைக்கடலை. மதியம் சாப்பிட்டதும் எடுக்க மாட்டார். பத்து நிமிஷம் கீழே நடப்பார். ஏரிக்கரை வரும்போதெல்லாம் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, அது தாண்டும்வரை எதையாவது பேசச் சொல்வார். நடையையும் விடவில்லை. முன்பு நடந்து கரைத்ததற்கு மேல் தின்று ஏற்றினார், இப்போதுதான் ஏற்றுவது குறைந்தது.

ஆனால் பாய் இருக்கிறாரே. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எதிர் ஓட்டலுக்கு மாறப்போகிறீர்களா, என்ன குறை வைத்தேன், அல்லா மேல் ஆணையாகச் சொல்லுங்கள் என்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் விளக்கினேன். கறி சாப்பிட்டு யாருக்குத் தூக்கம் வந்தது என்று அவர் நம்பவில்லை. மனுஷனுக்குப் பயம், ஒரு பஸ் போனால் அடுத்த பஸ்ஸும் போய்விடும். லைசென்ஸ் விவகாரம் வெளியே தெரிந்தால் முதலாளி காது வரை போய்விடுமோ என்று எனக்கும் பயம். பாயின் வாயை அடைக்க வழி ஒன்று சொன்னேன்.

"நீங்க எப்பவும்போல ரெண்டு இலை போடுங்க பாய். ஒரு இலைகூட மீதமாவாது. அதுக்கு நான் பொறுப்பு."

பாயின் முகம் மலர்ந்தது. அண்ணன் வெளியே வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறக்கும்போது, திரைக்குப் பின்னால் நான் இரண்டு இலைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணனின் உயிருக்காகச் செய்கிற தியாகம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். காலையிலும் இரண்டு பங்கு. சாயங்காலம் இரண்டு பங்கு. நான் வண்டி ஓட்டுகிறவனா என்ன?

தை பிறந்தபோது வெங்காய மண்டித் தராசு நூற்று ஆறு காட்டியது. தராசில் கோளாறு என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. மதியத்தில் கண்ணாடியில் அந்தக் கண்கள் திறந்தே இருந்தன. ஏரிக்கரையில் என்னைக் கூப்பிடுவதும் நின்றது. எனக்கிருந்த பயம் மெல்ல இறங்கியது. கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பின்படிக்கட்டில் கம்பியில் சாய்ந்து நின்றால் காற்று சுகமாக இருக்கும். கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வேன்.

மாசி பத்தாம் தேதி வாக்கில் டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். பெஞ்சில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், ஆனால் கை வேர்த்துக்கொண்டே இருந்தது. வேட்டியில் துடைத்துத் துடைத்து வேட்டியே நனைந்தது. தொண்ணூற்று ஒன்பதரை. டாக்டரம்மா முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். இரவில் மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டார். இப்போதெல்லாம் வீட்டில் அவளும் தூங்குகிறாள் என்றார் அண்ணன். கையெழுத்துப் போட்டாயிற்று.

எது உதவியது, நடையா, சாப்பாடா என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்த டிக்கெட் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வெறும் நடையில ரெண்டு கிலோ ஏறுனேங்கம்மா. என்ன திங்கிறோம்னு தெரிஞ்சப்புறந்தான் எறங்குச்சு. ஆனா நடக்காம இருந்திருந்தா, அந்தப் பசியை எங்கன கொண்டுபோயி வச்சிருப்பேன்னு தெரியலைங்க."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பி, நீங்களும் கொஞ்சம் ஏறி நில்லுங்கள் என்றார். நான் எதற்கு என்றேன். வயிற்றுப் பக்கம் சட்டைப் பொத்தான் இரண்டு போடாமல் இருக்கிறதே, ஏறுங்கள் என்றார். ஏறினேன். ஐப்பசியில் விளையாட்டாகப் பார்த்தபோது அறுபத்தெட்டு. இப்போது முள் எண்பதைத் தொட்டு நின்றது.

இறங்கக் கால் வரவில்லை. ஏரிக்கரையில் வராத அதே கால். டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு, அன்று அண்ணனிடம் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

"பகல்ல தூக்கம் வருதா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். பின்படிக்கட்டில் கம்பி கையை விட்டு நழுவி, கீழே ரோடு ஓடுவதைப் பார்த்துத் திடுக்கிட்டு விழித்தது போன வாரம் நடந்ததுதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். சரி, தப்பித்தாயிற்று என்று சுவரிலிருந்த காலண்டர் பக்கம் திரும்பினேன். காலண்டருக்கு முன்னால் அரியமுத்து அண்ணன் நின்றிருந்தார், போன தடவை நான் நின்ற அதே இடத்தில். அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைத்தான் பார்த்தார்.

"வருதுங்கம்மா," என்றார். "படியில நின்னுக்கிட்டே தூங்குறான். நான் ஒரு மாசமா கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டுறேன்."